கையெழுத்துப் போட்ட பிறகு விலக முடியுமா?

(குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டு விவாதிக்க)



கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு நமக்குப் பழக்கம் உண்டு. இப்போது நம் பெண்பிள்ளைகள் வேறு விதமான தாள்களிலும் கையெழுத்துப் போடுகிறார்கள். விளம்பரப் படத்துக்கு மாடலாகப் போவதற்கான ஒப்பந்தம் அதில் ஒன்று.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஜவுளிக்கடை விளம்பரம் என்று சொல்லி, 19 வயதுப் பெண்ணிடம் ஒரு ஏஜென்சி மூன்று வருட ஒப்பந்தம் போடுகிறது. அட்வான்ஸ் 10,000 ரூபாய். நடுவில் விலகினால் 5 லட்சம் கட்ட வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு படப்பிடிப்பு முடிந்ததும், ராத்திரியில் வெளியூருக்குத் தனியாக வரச் சொல்கிறார்கள். மறுத்தால், "போலீஸில் பிடித்துக் கொடுப்போம்" என்கிறார்கள். "கையெழுத்துப் போட்டுட்டாளே, இனி என்ன பண்றது?" என்று வீடே கலங்குகிறது.

பயம் வேண்டாம். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1. வேலைக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியுமா?
முடியாது. ஒருவர் தானே வந்து செய்ய வேண்டிய இப்படிப்பட்ட வேலையைச் செய்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போடாது. ஆனால் ஒப்பந்தக் காலம் முடியும் வரை வேறு ஏஜென்சிக்குப் போகக் கூடாது என்று தடை கேட்க அவர்களுக்கு வழி உண்டு.

2. போலீஸ் பிடிக்குமா?
ஒப்பந்தத்தை மீறுவது சிவில் விவகாரம். அதற்காக மட்டும் கைது கிடையாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு பணம் வாங்கியிருந்தால்தான் மோசடி வழக்கு வரும். மாறாக, "உன் போட்டோவைத் தப்பாகப் போடுவோம்" என்று அவர்கள் மிரட்டினால், அதுதான் குற்றம். நாமே புகார் கொடுக்கலாம்.

3. 5 லட்சமும் கட்ட வேண்டுமா?
1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74-இன்படி தாளில் எழுதிய தொகை உச்ச வரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான நஷ்ட ஈட்டைத்தான் நீதிமன்றம் தரச் சொல்லும். வேலை செய்யாத பங்குக்கு வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பதே முறை.

4. பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லை என்றால்?
அவள் போட்ட ஒப்பந்தம் செல்லாது. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1940-களின் இறுதியில் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சிறுமி ஒருத்தி சினிமாவில் நடிக்க, அவள் அப்பா ஒப்பந்தம் செய்திருந்தார். கம்பெனி அதை முறித்தபோது, ஒப்பந்தமே செல்லாது என்பதால் அவளுக்கு நஷ்ட ஈடு கிடைக்கவில்லை. பெற்றோர் கையெழுத்து பிள்ளைக்குப் பாதுகாப்பு ஆகிவிடாது.

5. காலம் முடிந்த பிறகும் கட்டுப்பாடு உண்டா?
கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுடன் ஒரு விளம்பரக் கம்பெனி மூன்று வருட ஒப்பந்தம் போட்டிருந்தது. அது முடிந்த பிறகும் தங்களுக்கே முதல் உரிமை என்றது. 2006-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

6. ஏமாற்றியோ மிரட்டியோ கையெழுத்து வாங்கியிருந்தால்?
ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஆனால் "படிச்சுப் பார்க்காம போட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் எடுபடாது.

விலகுவது என்று முடிவு செய்தால்:
• போனை எடுக்காமல் ஒளிந்துகொள்ள வேண்டாம். காரணத்தை எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் கடித நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.
• மிரட்டல் மெசேஜ்களை அழிக்காதீர்கள். அவைதான் சாட்சி.
• வெற்றுத்தாளில் "சமாதானக் கையெழுத்து" எதுவும் போடாதீர்கள்.
• நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் கட்டாயம் ஆஜராகுங்கள். போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிடும்.
• மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு வக்கீல் உதவி இலவசம். தொலைபேசி: 15100.

கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. அதனால் சில நேரம் பணம் கொடுக்க வேண்டி வரலாம். ஆனால் அந்தக் கையெழுத்தைக் காட்டி நம் பிள்ளையை இஷ்டமில்லாத இடத்துக்கு இழுத்துப் போக யாருக்கும் உரிமை இல்லை.

கூட்டத்தில் பேச:
• நம் வீட்டுப் பிள்ளைகள் எந்தெந்தத் தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்? நகல் கையில் இருக்கிறதா?
• இனி யார் ஒப்பந்தத் தாள் கொண்டுவந்தாலும், குழுவில் ஒருமுறை வாசித்த பிறகே கையெழுத்து என்று தீர்மானம் போடலாமா?