திருநீறு யார் பூசுவது?

பக்கவாதம் வந்த ஒருவர் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அவர் வாழ்க்கை எப்படி இருக்கிறது? இந்த முறை அதைப் பற்றிப் பேசலாம். நான் டாக்டர் இல்லை, இயந்திரப் பொறியியல் மாணவன். என் தாத்தாவிடம் கற்றதையும், பிறகு தேடிப் படித்ததையும்தான் சொல்கிறேன்.

தாத்தாவுக்கு மூளையின் இடது பக்கம் அடைப்பு. உடம்பின் வலது பக்கத்தை இயக்குவது அந்தப் பகுதிதான். அதனால் வலது கையும் காலும் செயலிழந்தன. சில மாத பிசியோதெரபிக்குப் பிறகு கைத்தடியோடு நடந்தார். 1965-இல் வெளிவந்த ‘பார்தல்’ அளவுகோல் என்று ஒன்று உண்டு. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படி ஏறுவது என 10 வேலைகளுக்கு மொத்தம் 100 புள்ளி. தாத்தாவின் புள்ளி ஏறிக்கொண்டே போனது. எங்களுக்கெல்லாம் சந்தோஷம். தாத்தாதான் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

காரணம் நாங்கள்தான். தெரபி நிலையத்தில் தானே செய்துகாட்டும் வேலைகளை வீட்டில் அவரைச் செய்ய விடவில்லை. அம்மா ஊட்டிவிடுவார், மாமா சட்டை போட்டுவிடுவார், நான் திருநீறு பூசிவிடுவேன். ஒரு நாள் நான் கையை நீட்டியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஏன்டா, நானே பூசிக்க மாட்டேனா?”

அந்தக் கேள்வியிலிருந்து நான் கற்ற பாடங்கள் மூன்று.

1. செய்யச் செய்யத்தான் மூளை கற்கும். இறந்த செல்கள் திரும்பி வராது. ஆனால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, மூளையின் மற்ற பகுதிகள் அந்த வேலையை ஓரளவு ஏற்கப் பழகுகின்றன. மூளை கட்டளையிட வேண்டும், கை அசைய வேண்டும், எங்கே பிசகியது என்ற தகவல் மூளைக்குத் திரும்ப வேண்டும். நாம் புகுந்து செய்துவிட்டால் அந்தச் சுற்று அங்கேயே அறுந்துபோகும்.

2. வேலையைப் பிடுங்காதீர்கள், அதைச் சுலபமாக்குங்கள். கரண்டிப் பிடியைத் தடிப்பாக்கலாம். சட்டை போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். குளியலறையில் பிடிகம்பி வையுங்கள். விழுந்துவிடும் பயம் இருந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். விழுங்கச் சிரமப்படுபவர் என்றால் தெரபிஸ்ட் சொன்னபடிதான் சாப்பாடு.

3. மனசையும் கவனியுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். நம் நாட்டில் ‘நாசாம்’ எனும் தேசியப் பக்கவாதச் சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கியவரே பக்கவாதத்திலிருந்து மீண்டவர்தான்.

திருநீற்றுக் கிண்ணத்தைத் தாத்தாவின் வலது கைப் பக்கம் வைத்தேன். முதல் நாள் பாதி சட்டையில் கொட்டியது. எனக்குக் கை துறுதுறுத்தது, ஆனாலும் அடக்கிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்தும் மூன்று கோடும் கோணல்தான். அந்தக் கோணல் கோடுகளோடுதான் தாத்தா பழைய நண்பர்களைப் பார்க்க, தே தாரிக் குடிக்கக் கடைக்குக் கிளம்பினார். இதற்குப் புள்ளி போட அந்த அளவுகோலில் இடமில்லை.

இந்த வாரப் பயிற்சி: உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால், “எந்த வேலையை நீங்களே செய்யணும்னு ஆசைப்படுறீங்க?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் செய்து முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருங்கள்.