கம்பித் தடுப்புக்குப் பின்னால் ஒரு வயலின் குழு

தீபாவளிக்கு முன்னால நாம ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்துக்குப் போறோம். அரிசி, மைலோ, புதுத்துணி கொடுக்கிறோம். படம் எடுத்துட்டு வந்துடுறோம். அந்தப் பிள்ளைகளை மறுபடி பார்ப்பது அடுத்த தீபாவளிக்குத்தான். இது போதுமா? இதுதான் இந்த மாதப் பாடம். விடை தேட, 300 ஆண்டுகளுக்கு முந்தைய வெனிஸ் நகருக்குப் போவோம்.

பெற்றோர் விட்டுச் சென்ற குழந்தைகளை வளர்ப்பதற்காக வெனிஸில் 1346-இல் தொடங்கியது 'பியெத்தா' இல்லம். ஆண் பிள்ளைகள் தொழில் கற்று வெளியேறுவார்கள். பெண் பிள்ளைகளில் பலர் அங்கேயே தங்குவார்கள். அவர்களில் இசைத் திறமை உள்ளவர்களுக்கு முறையான பயிற்சி கிடைத்தது. 1703-இல் வயலின் ஆசிரியராக வந்தவர் அந்தோனியோ விவால்டி. வயது 25தான்.

அந்தப் பெண்கள் தேவாலய மாடத்தில், கம்பித் தடுப்புக்குப் பின்னால் இருந்து பாடினார்கள், வாசித்தார்கள். வயலின், வியோலா, செல்லோ போன்ற தந்தி வாத்தியங்களே வாத்தியக் குழுவின் முதுகெலும்பு. முகம் சரியாகத் தெரியாது. இசை மட்டும் கேட்கும். ஊர் மக்களும் வெளிநாட்டுப் பயணிகளும் தேடி வந்து கேட்டார்கள். அதில் வந்த பணம் இல்லத்துக்கு உதவியது.

இது எப்படி நடந்தது? மூன்று விஷயங்களைக் கவனிங்க.

முதலாவது, தொடர்ச்சி. 1723-இல் விவால்டியோடு இல்லம் செய்த ஒப்பந்தப்படி, மாதம் 2 கான்செர்ட்டோ எழுதித் தரவேண்டும். ஆகவே பயிற்சி செய்யப் புதுசா ஏதாவது வந்துகொண்டே இருந்தது.

இரண்டாவது, மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தையாக அங்கு வந்த அன்னா மரியாவுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. 'வயலின் அன்னா மரியா' என்றுதான் அழைத்தார்கள். விவால்டி அவருக்காகவே பல கான்செர்ட்டோக்கள் எழுதினார். பிறகு அவரே அங்கு ஆசிரியையானார்.

மூன்றாவது, எல்லாருக்கும் இடம். விவால்டியின் கான்செர்ட்டோவில் பொதுவான ஒரு பகுதியை முழுக் குழுவும் திரும்பத் திரும்ப வாசிக்கும். நடுநடுவே ஒருவர் தனியாக வாசிப்பார். நம்ம பஜனையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பாடுற மாதிரி. கெட்டிக்காரருக்கும் வேலை உண்டு, இப்பதான் கத்துக்கிறவருக்கும் வேலை உண்டு.

ஆனால் எல்லாமே நல்லது என்று சொல்ல வரவில்லை. திருமணம் செய்து வெளியேறிய பெண் பொதுமேடையில் வாசிக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. திறமையைக் கொடுத்துவிட்டு, கதவை மூடினார்கள். அந்தத் தவற்றை நாம் செய்யக்கூடாது.

நம் சமயம் அன்னதானத்தோடு வித்யாதானத்தையும் சொல்கிறது. சாப்பாடு அன்றைய பசியைத் தீர்க்கும். கற்ற கலை ஆயுள் முழுக்கக் கூட வரும். நம்மில் சிலருக்கு மிருதங்கம் தெரியும், சிலருக்கு வயலின், தேவாரம், கணிதம் தெரியும். வாரம் ஒரு மணி நேரம் போதும். ஆனால் ஒரு வாரம்கூட விடக்கூடாது. நாலு வாரம் போய்ட்டு நிறுத்தினால், ஏற்கெனவே ஒருமுறை கைவிடப்பட்ட பிள்ளையை நாமும் கைவிட்ட மாதிரி. அதனால் முடியும் என்றால் மட்டும் வாக்குக் கொடுங்க.

கலந்துரையாட:
1. உங்களால் ஓர் ஆண்டு முழுக்கச் சொல்லிக்கொடுக்க முடிந்தது எது?
2. நீங்கள் போக முடியாத வாரம் யார் போவார்?
3. அந்தப் பிள்ளைகள் நம் ஆலய விழாவில் பார்வையாளராக இல்லாமல், மேடையில் ஏற நாம் என்ன செய்யலாம்?