அழுக்கைப் பார்க்காதே, அடியில் இருப்பதைப் பார்!

பூட்டிக் கிடந்த பெரிய வீட்டை விசேஷத்துக்காகத் திறக்கிறோம் என்றால் எல்லோருக்கும் அவசரம். கடைத்தெருவுக்கு ஆளை அனுப்பி ஆசிட், ப்ளீச்சிங் பவுடர், தின்னர், ஃபினாயில் என்று ஒரு சாக்கு நிறைய வாங்கி வந்து, முகப்பில் ஆரம்பித்து இரண்டாங்கட்டு வரை அதையே ஊற்றித் தேய்க்கச் சொல்கிறார்கள். தங்கச்சி, இந்த வருஷம் நீ முன்நின்று செய்யப்போகிறாய். அதனால் அக்கா சொல்வதைக் கேட்டுக்கொண்டு கடைக்குப் போ.

எந்த மருந்து வேண்டும் என்பதை அழுக்கு முடிவு செய்யாது. அது ஒட்டியிருக்கும் பரப்புதான் முடிவு செய்யும். ஒரே எண்ணெய்க் கறைக்குத் தரையில் ஒன்று, கதவில் ஒன்று, கண்ணாடியில் இன்னொன்று.

தரையும் சுவரும்: சுண்ணாம்புக் குடும்பம்

தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாதது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. முகப்பில் பதித்த இத்தாலிச் சலவைக்கல்லும், கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர்ப் பூச்சும் இதற்குச் சொந்தம்தான். மூன்றிலும் இருப்பது சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கு எதிரி புளிப்பு.

• ஆசிட், டாய்லெட் கிளீனர், வினிகர், எலுமிச்சம்பழம் எதுவும் இவற்றின் மேல் படக்கூடாது. கறையோடு பளபளப்பையும் அரித்துவிடும். அப்புறம் எத்தனை தேங்காய் எண்ணெய் தடவினாலும் அந்த இடம் மங்கலாகவே நிற்கும்.

• முற்றத்தைச் சுற்றிய வளவில் உட்கார்ந்து குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்காதே. தரையில் வட்ட வட்டமாகத் தெரியும் வெளிறல் பெரும்பாலும் இப்படி வருவதுதான். பித்தளையைப் பின்கட்டுக் கருங்கல்லுக்குக் கொண்டுபோ.

• தினப்படிக்கு வெறும் தண்ணீர் போதும். பிசுக்கு இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட். சோப்பு நுரை தங்காமல் இரண்டு தடவை நல்ல தண்ணீரில் துடைத்து எடு.

• புதிதாக விழுந்த எண்ணெயைத் தேய்க்காதே, பரவும். முகப் பவுடரையோ சாக்பீஸ் தூளையோ கனமாகத் தூவி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் கூட்டு.

• ஸ்டிக்கர் கோலத்தின் பசைக்குத் தின்னர் வேண்டாம். வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயில் ஊறவிட்டு, பிளாஸ்டிக் அட்டையால் தள்ளு.

• வௌவால், புறா எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டக்கூடாது. அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். மாஸ்க் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து வழித்தெடு.

• சுவரில் பச்சை பிடித்திருந்தால் ஓட்டில் ஒழுக்கு இருக்கிறதா என்று முதலில் பார். மேலே ஆயில் பெயின்ட் அடித்து மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு பொருக்காக உதிரும்.

இது எந்த வகைத் தரை என்றே தெரியவில்லையா? பரணில் கிடக்கும் உடைந்த கல் துண்டில் ஒரு சொட்டு வினிகர் விடு. நுரைத்தால் சுண்ணாம்புக் குடும்பம். பதித்திருக்கும் தரையில் இந்தச் சோதனை வேண்டாம்.

மரம்

பர்மாத் தேக்கு கப்பல் தளத்துக்கே போடுகிற மரம். அது தண்ணீருக்குப் பயப்படாது. பயப்படுவது அதன் மேல் இருக்கும் பாலிஷ். அதனால் என்ன பாலிஷ் என்று முதலில் கண்டுபிடி.

கதவின் பின்பக்கம், கீல் ஓரம், யார் கண்ணிலும் படாத இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வை. பிசுபிசுத்தால் அது அரக்கில் செய்த பழைய பாலிஷ். ஒன்றும் ஆகவில்லையென்றால் பக்கத்தில் ஒரு சொட்டு தின்னர். அப்போது இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ் அல்லது பாலியூரித்தேன். அரக்குப் பாலிஷ் போட்ட தூணைக் கை சானிடைசர் பட்ட துணியால்கூடத் துடைக்கக்கூடாது. அதில் இருப்பதும் ஆல்கஹால்தான்.

• நிலைக்கதவுச் சிற்ப வேலைப்பாட்டில் தூசியை முதலில் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடு. பிறகு பிழிந்த ஈரத் துணி, உடனே காய்ந்த துணி.

• பல வருஷ எண்ணெய், குங்குமப் பிசுக்குக்கு மினரல் டர்பன்டைன். பாட்டிலைக் கவிழ்க்காமல் துணியில் தொட்டு, உள்ளங்கை அகலம் மட்டும் துடைத்துப் பார்த்துவிட்டு மேலே போ.

• ஸ்டீல் நார் கூடவே கூடாது. உதிர்ந்த இரும்புத் துணுக்கு ஈரத்தில் மரத்தோடு சேர்ந்து கரும்புள்ளியாகிவிடும்.

• பழைய ஆயில் பெயின்ட் அடித்த ஜன்னல் கம்பி, கதவை உப்புத்தாளால் காய்ந்தபடி தேய்க்காதே. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட் தூளில் ஈயம் இருக்கலாம். நனைத்துத் தேய், கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் வரவேண்டாம்.

கண்ணாடி, பித்தளை, இரும்பு

பெல்ஜியம் கண்ணாடி மேல் நேராக ஸ்ப்ரே அடித்தால் அது சட்டத்து விளிம்பில் இறங்கிப் பின்பக்க ரசத்தைத் தின்னும். ஓரத்தில் கறுப்பாகப் படர்வது அதுதான். துணியில் அடித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடை. பித்தளைக்குப் புளி நல்லதுதான். ஆனால் ஊறவிடாமல் உடனே கழுவித் துடைத்துவிடு. ப்ளீச்சிங் பவுடர் தண்ணீர் இரும்புத் தூணிலும் எவர்சில்வரிலும் பட்டால் துருவும் பொத்தலும் வரும். அது சாக்கடைக்கும் கழிப்பறைக்கும் மட்டும் போதும்.

கலக்கவே கூடாது

ப்ளீச்சோடு ஆசிட்டோ டாய்லெட் கிளீனரோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப்போரில் 1915-ல் போர்க்களத்தில் விட்ட அதே வாயு. ப்ளீச்சோடு அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். ஒன்றைப் போட்ட இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் அடுத்ததைத் தொடாதே. நெடி ஏறினால் வாளியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிடு.

தின்னரும் விளக்கும்

வளவில் தின்னர் திறந்திருந்தால் சாமி வீட்டில் விளக்கு எரியக்கூடாது. இந்த ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்துபோய் தூரத்து நெருப்பிலும் பற்றும். லாக்கருக்கான என்.சி. தின்னரில் இருக்கும் டொலுயீன் 4 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே பற்றுமளவுக்கு ஆவி விடும். மினரல் டர்பன்டைனுக்கு 40 டிகிரிக்குப் பக்கத்தில் வேண்டும். சித்திரை வெயிலில் நம்மூருக்கு அதுவும் தூரமில்லை. காலையில், கதவு ஜன்னல் எல்லாம் திறந்துவைத்து வேலையை முடி. துணி மாஸ்க் தூசிக்குத்தான், ஆவியைத் தடுக்காது.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தடவினால் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதே. அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் இப்படித்தான் எரிந்தது. மரப்பலகைக்கு மெருகேற்றியவர்கள் விட்டுப்போன எண்ணெய்த் துணிகள்தான் காரணம். தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். துணியைத் தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துக் காயப்போட்டு, அப்புறம் குப்பையில் சேர்.

மிச்சமான தின்னரைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றிவைக்காதே. பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். அப்படி நடந்தால் வாந்தி எடுக்கவைக்காமல், டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு.

முற்றத்தில் ஊற்றாதே

நம் வீட்டு ஓட்டில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியாகத் தெருவுக்குப் போய் ஊருணியில் சேரும்படி கட்டியிருக்கிறார்கள். முற்றத்து மூலையில் நீ கவிழ்க்கும் அரைக் குவளை டர்பன்டைனுக்கும் அதே வழிதான். பயன்படுத்திய தின்னரை மூடியுள்ள டப்பாவில் தெளியவிட்டால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததில் அடுத்த தடவை பிரஷ் கழுவலாம்.

கடைக்கு எழுதிக்கொள்

பாத்திரம் கழுவும் லிக்விட், தேங்காய் எண்ணெய், மினரல் டர்பன்டைன் அரை லிட்டர், ஸ்பிரிட் சின்ன பாட்டில், பெயின்ட் பிரஷ், நைட்ரைல் கையுறை, மாஸ்க். துணிக்குப் பழைய வேட்டி இருக்கிறது. தின்னர், சோதனைக்கு மட்டும் சின்ன டப்பா. ஆசிட்டைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடு.

இத்தனைக்கும் போகாத கறை இருந்தால் விட்டுவிடு, வந்தவர்கள் யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை. மனசு கேட்கவில்லையென்றால் அந்த ஒரு கல்லைப் படம் பிடித்து, அளவோடு ஆத்தங்குடிக்குக் கொண்டுபோ. அச்சு இருந்தால் அதே பூவில் புதுக்கல் போட்டுத் தருவார்கள். ஒரு கல்லை மாற்றிவிடலாம். ஆசிட் ஊற்றிய தரை முழுவதையும் மாற்றுவது நம் கையில் இல்லை.