பெட்டியில் கிடக்கும் பங்குப் பத்திரம்: பங்கிலாபமும் அதில் வெட்டுப்படும் வரியும்

எல்லாத் தோட்டத்து வீட்டிலும் ஒரு தகரப் பெட்டியோ பழைய சூட்கேசோ இருக்கும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சேமலாப நிதிக் கடதாசி, நகை அடகு வைத்த துண்டு எல்லாம் அதற்குள்தான். அடுத்த முறை திறக்கும்போது அடி வரைக்கும் ஒருக்கா பாருங்கள். ஆங்கிலத்தில் அச்சடித்து, மேலே ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் பெயரும், நடுவில் அப்பா அல்லது அம்மாவின் பெயரும், ஓரத்தில் ஒரு எண்ணும் போட்ட தடித்த கடதாசி ஒன்று கிடக்கலாம். “அது என்னமோ சங்கத்து ரசீது” என்று ஒதுக்கி வைத்திருப்பீர்கள். அது பங்குப் பத்திரம். அதில் எழுதியிருக்கிற அளவுக்கு அந்தக் கம்பனியில் உங்கள் வீட்டாருக்கு உரிமை உண்டு.

இது எப்படி வந்தது? 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ் அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்டது. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. நட்டம் தாங்க முடியாமல் 1992இல் தோட்டங்களைப் பிரித்து இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளை அமைத்து, நிர்வாகத்தைத் தனியாரிடம் கொடுத்தார்கள். 1995இலிருந்து அந்தக் கம்பனிகளின் பங்குகளையே விற்கத் தொடங்கினார்கள். நூற்றுக்கு 51 பங்கு பெரிய முதலாளிமாருக்குப் போனது. நூற்றுக்கு 10 பங்கு அப்போது வேலையில் இருந்தவர்களுக்குச் சும்மா கொடுக்கப்பட்டது. மிச்சத்தில் ஒரு பகுதி பங்குச் சந்தையில் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. திறைசேரிச் செயலாளர் பெயரில் “தங்கப் பங்கு” என்று ஒன்றை அரசாங்கம் வைத்துக்கொண்டது.

ஆகவே கொழுந்து எடுத்த நம்ம அம்மாவும் கவ்வாத்து வெட்டிய நம்ம அப்பாவும் பேப்பரில் கம்பனிச் சொந்தக்காரர்கள். சின்னப் பங்குதான், ஆனாலும் பங்குதான். ஜனவசம போன்ற அரச நிர்வாகத்திலேயே இருந்துவிட்ட தோட்டங்களிலும் சின்னத் தனியார் தோட்டங்களிலும் வேலை செய்தவர்களுக்கு இது இல்லை. அவர்கள் தேடிக் களைக்க வேண்டாம்.

“பங்கு இருந்தா லயத்துக் காணி நமக்கு வருமா?” என்று கேட்பவர்கள் உண்டு. வராது. காணி அரசாங்கத்துடையது. கம்பனிகளே அதைக் குத்தகைக்குத்தான் வைத்திருக்கின்றன, அந்தக் குத்தகை 2045 வரைக்கும். பங்கு என்பது கம்பனியின் மீதுள்ள உரிமை. காணிக் கோரிக்கை வேறு விஷயம், அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சரி, பங்கினால் என்ன வரும்? ஒரு பசுவை நாலு பேர் சேர்ந்து வாங்கிக் கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் காசை அவரவர் போட்ட பணத்துக்குத் தக்கபடி பிரித்துக்கொள்வார்கள். பசுவை விற்றால் அந்தக் காசும் அப்படியே பிரியும். பால் காசுதான் பங்கிலாபம். பசுவின் விலைதான் பங்கின் விலை. பசு வற்றிப் போனால் பால் இல்லை, அதற்காகப் பசு உங்களுடையது இல்லை என்று ஆகிவிடாது. தீவனத்துக்குக் காசு வேண்டும் என்றால், கறக்கிற பாலையும் பிரிக்காமல் விற்றுத் தீவனம் வாங்குவதுண்டு. கம்பனியும் அப்படித்தான். லாபம் வந்த வருடத்திலும் பணிப்பாளர் சபை “இந்த முறை கொடுக்கவில்லை” என்று சொல்லலாம். கடன்காரருக்குக் கொடுக்க வழியில்லாத நிலையில் கம்பனி பங்கிலாபம் கொடுக்கக் கூடாது என்று 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமே சொல்கிறது. 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தியபோது கொழுந்து எப்படிக் குறைந்தது என்று மலையில் ஏறியவர்களுக்குத் தெரியும். அந்த மாதிரி அடி விழுந்தால் பங்கிலாபத்திலும் தெரியும். மாதச் சம்பளம் போல இதை நம்பிக் கடைக் கடன் ஏற்றக் கூடாது.

இனி வரி. கணக்காகப் பார்ப்போம். ஒரு அக்காவிடம் 200 பங்கு இருக்கிறது. கம்பனி ஒரு பங்குக்கு 2 ரூபா பங்கிலாபம் அறிவிக்கிறது. 200ஐ 2ஆல் பெருக்கினால் 400 ரூபா. ஆனால் செக்கில் 340 ரூபாதான் இருக்கும். “60 ரூபாவை யாரோ அடிச்சிட்டாங்க” என்று கங்காணியோடு சண்டைக்குப் போக வேண்டாம். அது நூற்றுக்கு 15 வீத வரி. கம்பனியே அதை வெட்டி உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டிவிடும். முற்பண வருமான வரி என்று அதற்குப் பெயர். செக்கோடு வரும் துண்டில் மொத்தம் எவ்வளவு, வரி எவ்வளவு, கையில் எவ்வளவு என்று மூன்று எண்ணும் இருக்கும். அந்தத் துண்டைக் கிழித்து எறியாமல் பெட்டியில் போடுங்கள்.

வீதம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2017ஆம் ஆண்டின் இறைவரிச் சட்டப்படி 2018 ஏப்ரல் முதல் 14 வீதம் வெட்டினார்கள். 2020 ஜனவரியிலிருந்து வெட்டுவதை நிறுத்தினார்கள். நாடு கடனில் விழுந்த பிறகு, 2023 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து 15 வீதமாகத் திரும்ப வந்தது. ஆகவே பழைய துண்டையும் புதிய துண்டையும் வைத்துப் பார்த்து ஏன் வித்தியாசம் என்று குழம்ப வேண்டாம்.

இந்த 15 வீதம் இறுதி வரி. அதாவது, வெட்டியதோடு கணக்கு முடிந்தது. இந்தப் பங்கிலாபத்துக்காக நீங்கள் வேறு வரி கட்டவோ படிவம் நிரப்பவோ தேவையில்லை. நல்லதுதான். ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரைக்கும் வருமானம் உள்ளவருக்கு வருமான வரி கிடையாது. தோட்டத்தில் அந்த அளவு சம்பளம் யாருக்கு வருகிறது? ஆனாலும் நம்ம அக்காவின் 400 ரூபாவில் 60 ரூபா போகிறது, திரும்பியும் வராது. கொழும்பில் பல இலட்சம் பங்கு வைத்திருப்பவர், மற்ற வருமானத்துக்கு 36 வீதம் வரை கட்டுகிறவர், அவருக்கும் பங்கிலாபத்தில் 15 வீதம்தான். வங்கி வைப்பின் வட்டியில் இப்போது 10 வீதம் வெட்டுகிறார்கள். அங்கே குறைந்த வருமானக்காரர் ஒரு பிரகடனம் எழுதிக் கொடுத்தால் வெட்டாமல் விடுவார்கள். பங்கிலாபத்துக்கு அப்படியொரு வழி வைக்கவில்லை. இது சரியில்லை என்பது எங்கள் எண்ணம். சங்கங்கள் சம்பளத்தைப் பேசுவது போல இதையும் பேசலாம். சும்மா கொடுத்த பத்து வீதத்துக்காவது ஒரு விலக்குக் கேட்பதில் தப்பில்லை.

அதே நேரம் இந்தப் பங்கைக் காட்டி யாரும் நம்மை மடக்கவும் விடக் கூடாது. “சம்பளம் கூட்டினா லாபம் குறையும், உங்க பங்கிலாபமும் குறையும்” என்று சிலர் பேசலாம். கணக்குப் பாருங்கள். நாள் சம்பளம் 100 ரூபா கூடி மாதம் 20 பேர் விழுந்தால் ஒரே மாதத்தில் 2,000 ரூபா. மேலே சொன்ன பங்கிலாபம் முழு வருடத்துக்கும் 340 ரூபா. தவிர, கம்பனி பங்கிலாபமாகப் பிரிக்கும் ஒவ்வொரு ரூபாவிலும் பத்து வீதப் பங்கு வைத்திருக்கும் தொழிலாளர் அத்தனை பேருக்கும் சேர்த்து 10 சதம்தான். மிச்சம் 90 சதம் மற்றவர்களுக்கு. எது பெரிது என்று உங்களுக்கே விளங்கும்.

கேரளத்தில் மூணாறுப் பக்கம் இதைவிடப் பெரிய அளவில் நடந்தது. அங்கே 2005இல் டாடா டீ தன் தோட்டங்களில் பெரும்பாலானதை விட்டபோது கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பனி உருவானது. அதில் பாதிக்கு மேலான பங்கு வேலை செய்பவர்களிடமே இருந்தது. கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பலர் நம்மைப் போல் தமிழ்ப் பெண்கள். ஆனால் 2015 செப்டெம்பரில் போனசைக் குறைத்தபோது அந்தப் பங்குக்காரப் பெண்களே “பெண்கள் ஒற்றுமை” என்ற பெயரில் ரோட்டில் உட்கார்ந்தார்கள், குறைத்ததைத் திரும்ப வாங்கினார்கள். பங்குக்காரி என்பதற்காகத் தொழிலாளி என்பதை அவர்கள் மறக்கவில்லை.

இப்போது வன்னிக்கு வருவோம். இதை எழுதியதே முக்கியமாக அங்கே இருக்கும் நம்ம உறவுகளுக்காகத்தான். எழுபதுகளின் பஞ்சத்திலும், 1977, 1983 வன்செயல்களிலும் மலையை விட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள் ஏராளம். தர்மபுரம், மலையாளபுரம், பாரதிபுரம், விசுவமடு என்று சொன்னால் உங்களில் பலருக்கு ஒரு அண்ணனோ சித்தியோ ஞாபகத்துக்கு வருவார்கள். அவர்கள் பங்கு கொடுக்கும் முன்பே போய்விட்டார்கள், ஆகவே சொந்தப் பெயரில் பத்திரம் இருக்காது. ஆனால் தோட்டத்திலேயே தங்கிய அப்பா அம்மாவுக்குக் கிடைத்திருக்கும். அப்பா அம்மா செத்துப்போனால் அந்தப் பங்கில் வன்னியில் இருக்கும் பிள்ளைக்கும் உரிமை உண்டு. இன்னும் சிலர், வேலையில் இருந்து பங்கு கிடைத்த பிறகு, கல்யாணம் முடித்தோ பிள்ளைகளோடு சேர்ந்தோ வன்னிக்குப் போனவர்கள். இவர்களுடைய செக் எல்லாம் பழைய தோட்டத்து விலாசத்துக்கே வந்திருக்கும். யுத்த காலத்தில் அங்கே தபால் போன லட்சணம் தெரிந்ததே. 2009இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் வரை நடந்து, செட்டிகுளம் மெனிக்பாம் முகாமுக்கு வந்தவர்களிடம் உடுத்த துணியைத் தவிர என்ன மிஞ்சியது? பங்குப் பத்திரமா மிஞ்சியிருக்கும்?

அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: பத்திரம் தொலைந்தாலும் பங்கு தொலையாது. யாருக்கு எத்தனை பங்கு என்பது கம்பனியின் பங்குதாரர் இடாப்பில் எழுதியிருக்கும். கடதாசி அதற்கு அத்தாட்சி மட்டும்தான். பொலிசில் முறைப்பாடு போட்டு, சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, கம்பனியின் பங்குப் பதிவாளரிடம் கொடுத்து மறுபத்திரம் கேட்கலாம். பெயரில்தான் பெரிய தொல்லை வரும். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்பது நமக்குப் பழகின சங்கதி. இருவரும் ஒருவரே என்பதற்கும் சத்தியக் கடதாசி வேண்டும், கிராம சேவகரின் கடிதமும் உதவும். தோட்டத்துப் பழைய செக்ரோல் இலக்கம், சேமலாப நிதி இலக்கம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். தோட்டத்தில் இருக்கும் நீங்கள் அந்த இலக்கத்தை ஆபீசில் கேட்டு எழுதி அனுப்பினாலே வன்னியில் இருப்பவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

பங்குக்காரர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், அப்பா அம்மாவின் விவாகப் பத்திரம் எல்லாம் கேட்பார்கள். சொத்தின் பெறுமதியைப் பொறுத்து மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டியும் வரலாம். கொஞ்சப் பங்குக்காக லோயருக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். முதலில் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் விசாரியுங்கள். உரிமை உள்ள பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்தே எழுதுங்கள், தோட்டத்தில் இருப்பவர் தனியாகப் பெயர் மாற்றிக்கொண்டால் பிறகு குடும்பச் சண்டைதான்.

பத்திரத்தில் உள்ள எண்ணைப் பார்த்து “இவ்வளவுதானா” என்று விட்டுவிடவும் வேண்டாம். சில கம்பனிகள் ஒரு பங்கை இரண்டாகவோ அதற்கு மேலாகவோ பிரித்திருக்கின்றன. இடாப்பில் உங்கள் எண்ணிக்கை கூடியிருக்கலாம். லயத்துக்கு வந்து “பழைய கடதாசி இருந்தா தாங்க, ஆயிரம் ரூபா தாறேன்” என்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள், வெற்றுப் படிவத்தில் கைநாட்டும் போடாதீர்கள். விற்கத்தான் வேண்டும் என்றால் பங்குத் தரகர் மூலம் மத்திய வைப்புத் திட்டத்தில் கணக்குத் திறந்து, பத்திரத்தை அதில் சேர்த்து, கொழும்புப் பங்குச் சந்தையில் அன்றைய விலைக்கு விற்கலாம். பங்கிலாபம் அறிவித்த நேரம் என்றால், எந்தத் திகதி வரைக்கும் கையில் இருந்தால் அது கிடைக்கும் என்று தரகரிடம் கேட்டுவிட்டு விற்க வேண்டும். ஒரு நாள் முந்தினாலும் பங்கிலாபம் வாங்கினவருக்குப் போய்விடும். புதிதாகப் பங்கு வாங்கும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு சொல்: கடன் எடுத்து வாங்காதீர்கள். விலை இறங்கினாலும் குடும்பம் ஓடும் என்ற காசு இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பதிவாளரின் விலாசம் பத்திரத்திலோ கம்பனியின் வருடாந்த அறிக்கையிலோ இருக்கும். விலாசம் மாறியிருக்கலாம், தோட்டத்து ஆபீசில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கடிதம் தமிழில் எழுதினால் போதும். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் ஒரு பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதலாம்:

“ஐயா / அம்மணி, நான் ............ தோட்டத்தில், ............ பிரிவில் வேலை செய்தேன். செக்ரோல் இலக்கம் ............, சேமலாப நிதி இலக்கம் ............, அடையாள அட்டை இலக்கம் ............. எனக்கு உங்கள் கம்பனியின் இலவசப் பங்குகள் கிடைத்தன. பத்திர இலக்கம் ............ (பத்திரம் இல்லாவிட்டால்: பத்திரம் தொலைந்துவிட்டது). தற்போது என் பெயரில் எத்தனை பங்குகள் உள்ளன என்றும், இதுவரை நான் பெறாத பங்கிலாபம் எவ்வளவு என்றும், அதில் கழிக்கப்பட்ட வரி எவ்வளவு என்றும் அறியத் தரவும். இனிவரும் பங்கிலாபத்தை என் வங்கிக் கணக்கில் இடுவதற்கான படிவத்தையும் அனுப்பவும். என் தற்போதைய விலாசம்: ............, கிளிநொச்சி.”