கால் மரத்துப்போனால் சுகர் மட்டும்தான் காரணமா?



நம் வீடுகளில் பெரியவர்கள் பலர், "பாதம் மரத்துப்போகுது, நடந்தா தள்ளாடுது" என்கிறார்கள். வயசாயிடுச்சு, சுகர் இருக்கு என்று நாமும் விட்டுவிடுகிறோம். சிலருக்கு இதன் காரணம் பி12 வைட்டமின் குறைவாகவும் இருக்கலாம். இம்முறை அதைப் பற்றிப் பார்ப்போம்.

பி12 சத்தைச் செடிகொடிகள் உண்டாக்குவதில்லை. ஆடு, மாடு, மனிதர் உடலும் உண்டாக்குவதில்லை. பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. மாட்டின் இரைப்பையில் வாழும் பாக்டீரியாக்கள், தீவனத்திலுள்ள கோபால்ட் என்ற தாதுவைக் கொண்டு இதைச் செய்கின்றன. இறைச்சி, ஈரல், பால் வழியாக அது நமக்கு வருகிறது. நமக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 2 மைக்ரோகிராம்தான்.

பாக்டீரியா இதைக் கணக்கில்லாமல் செய்வதில்லை. பி12 செய்ய ஏறத்தாழ 30 மரபணுக்கள் உழைக்க வேண்டும். தண்ணீர் டேங்க் நிரம்பியதும் மிதக்கும் பந்து மேலே வந்து குழாயை அடைக்கிறதல்லவா? அதுபோன்ற ஏற்பாடு பாக்டீரியாவிலும் உண்டு. மரபணுவில் உள்ள செய்தி முதலில் ஆர்.என்.ஏ. என்ற நகலாக எடுக்கப்படும். பி12 போதுமான அளவு இருந்தால், அதுவே அந்த நகலின் முன்பகுதியில் ஒட்டிக்கொள்ளும். நகல் மடங்கி, வேலை நின்றுவிடும். பி12 குறைந்தால் வேலை மீண்டும் தொடங்கும். இதற்கு ரிபோசுவிட்ச் என்று பெயர். 2002-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கர் குழுவினர், பி12-ஐ உள்ளே இழுக்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் மரபணுவில் இதைக் கண்டறிந்தார்கள். பி12 தயாரிக்கும் மரபணுக்களையும் பல பாக்டீரியாக்கள் இப்படித்தான் கட்டுப்படுத்துகின்றன.

அப்படியானால் நம் குடலிலுள்ள பாக்டீரியாவே போதாதா? பெருங்குடலில் உண்டாகும் பி12 கழிவோடு போய்விடும். உடல் அதை உறிஞ்சுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான். வேலூர் சி.எம்.சி.யின் ஆல்பர்ட், மாதன், பேக்கர் ஆகிய மூவரும் 1980-ல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுகுடலில் வாழும் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா வகை பாக்டீரியாக்களும் பி12 செய்யக்கூடும் என்று அதில் காட்டினார்கள். நல்ல செய்திதான். ஆனால் பாக்டீரியா தன் தேவையைப் பார்த்தே செய்கிறது, நம் தேவையைப் பார்த்தல்ல. அதை நம்பி உணவை விட்டுவிட முடியாது.

கவனிக்க வேண்டியவர்கள்:

இறைச்சி, மீன், முட்டை, பால் அரிதாகச் சாப்பிடுவோர். வயிற்றில் அமிலம் குறைந்துபோன முதியவர்கள். சுகருக்கு மெட்ஃபார்மின், அசிடிட்டிக்கு மாத்திரை என நெடுநாள் எடுப்போர். இம்மருந்துகளைத் தாமாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள். பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் ரத்தசோகை தேறியதுபோல் தெரியும், நரம்புப் பாதிப்பு உள்ளே தொடரும். நாள் கடந்தால் அது நிரந்தரமாகிவிடலாம்.

மருந்திலுள்ள பி12 ஹலாலா என்று சிலர் கேட்கிறார்கள். அது விலங்கிலிருந்து எடுப்பதல்ல, தொழிற்சாலையில் பாக்டீரியாவை வளர்த்து எடுப்பது. கேப்சூல் உறையின் ஜெலட்டின் பற்றி ஐயம் இருந்தால் மாத்திரையாகக் கேட்டு வாங்கலாம்.

அடுத்த முறை அத்தாவையோ அம்மாவையோ சுகர் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்போது, பி12 ரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஷிஃபா தருபவன் அல்லாஹ். காலத்தில் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.