பல்லாயிரத்தில் ஒன்றைப் பிடித்துத் தரும் கடற்பாசி

நோன்புக் காலத்தில் கீழக்கரை, மண்டபம் பகுதிகளில் பல வீடுகளில் கடற்பாசி காய்ச்சுவார்கள். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றி ஆறவிட்டால் கட்டியாக உறைந்துவிடும். இந்தத் தின்பண்டத்துக்கும், சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசிக்கும் தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா? அத்தொடர்பை இங்கே காண்போம்.

பாக்டீரியா என்னும் தொழிற்சாலை

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள் இரண்டு சங்கிலிகளாக இணைந்து அமைந்தது. 1922 முதல் பல ஆண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இதைப் பிரித்தெடுத்தார்கள். அது மனித இன்சுலினிலிருந்து சிறிது வேறுபட்டது. ஆகவே சிலருக்கு ஒவ்வாமை ஏற்பட்டது.

ஒவ்வொரு புரதத்தையும் செய்வதற்கான குறிப்பு ஜீனில் இருக்கிறது. அந்தக் குறிப்பு எழுதப்பட்ட மொழி மனிதனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஒன்றே. அப்படியானால் மனித ஜீனைப் பாக்டீரியாவிடம் கொடுத்தால், அது மனிதப் புரதத்தையே செய்து தர வேண்டுமல்லவா?

பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் உண்டு. ஒரு வகை என்ஸைமால் வளையத்தை வெட்டி, வேண்டிய ஜீனை இடையில் வைத்து, வேறொரு என்ஸைமால் ஒட்டிவிடலாம். 1978இல் அமெரிக்க விஞ்ஞானிகள் இம்முறையில் இன்சுலினின் இரு சங்கிலிகளையும் ஈ. கோலி பாக்டீரியாக்களில் தனித்தனியே தயாரித்துப் பின்னர் இணைத்தார்கள். 1982இல் அது மருந்தாக விற்பனைக்கு வந்தது.

தேடுவது எப்படி?

ஒட்டிய வளையத்தைப் பாக்டீரியாக்களோடு கலந்தால் எல்லாவற்றுக்குள்ளும் அது நுழைந்துவிடாது. பல்லாயிரத்தில் ஒன்றுக்குள்தான் நுழையும். ஒரு முத்துக்காக எத்தனையோ சிப்பிகளைத் திறந்து பார்த்த கடற்கரை நம்முடையது. ஆனால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கே நீளமுள்ள பாக்டீரியாவைத் திறந்து பார்ப்பது எங்ஙனம்?

இதற்கு ஓர் உபாயம் செய்தார்கள். ஆம்பிசிலின் என்ற மருந்தை எதிர்த்து நிற்க உதவும் ஜீன் ஒன்றையும் அதே வளையத்தில் அமைத்தார்கள். ஆம்பிசிலின் கலந்த உணவில் விட்டால் வளையம் இல்லாதவை பெருகாமல் அழியும். வளையம் பெற்றவை மட்டும் பிழைக்கும்.

உணவு திரவமாக இருந்தால் பிழைத்தவை எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். உறைந்த தட்டில் அப்படியன்று. ஒவ்வொன்றும் விழுந்த இடத்திலேயே பெருகும். சாதகமான சூழலில் ஈ. கோலி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். 7 மணி நேரத்தில் 21 முறை இரட்டித்தால் ஒன்று 20,97,152 ஆகும்! ஓர் இரவில் கண்ணுக்குத் தெரியும் புள்ளி உண்டாகிவிடும். ஒரு புள்ளியில் இருப்பவை யாவும் ஒரே தாயின் சந்ததிகள். அவற்றுள் சரியான ஜீன் உள்ளதைச் சோதித்தறிந்து பெரிய கலங்களில் வளர்க்கிறார்கள்.

அகாரின் சிறப்பு

அந்தத் தட்டில் உறைந்திருப்பதே கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார். முதலில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள். அது 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இளகிவிடும். பாக்டீரியாக்கள் பலவும் அதைத் தின்றுவிடும். 1881இல் ஃபேனி ஹெஸ் என்ற பெண்மணி, தம் சமையலறையில் பயன்பட்ட அகாரைச் சிபாரிசு செய்தார். அது 40 டிகிரிக்கு அருகில் உறையும். உறைந்த பின் சுமார் 85 டிகிரி வரை உருகாது. பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைச் செரிக்கவும் இயலாது.

சோதனையிலும் அகார் உதவுகிறது. அதிலிருந்து பிரிக்கும் அகரோஸ் கூழில் டி.என்.ஏ.யை இட்டு மின்சாரம் செலுத்தினால், எதிர்மின்னூட்டம் கொண்ட துண்டுகள் நேர்மின்வாயை நோக்கி நகரும். சிறிய துண்டு வேகமாகவும் பெரியது மெதுவாகவும் செல்வதால் அளவுவாரியாகப் பிரிந்து நிற்கும்.

நம் கடலின் பங்கு

மண்டபம், பாம்பன், இராமேசுவரம் கடற்பகுதிகளில் அகார் தரும் இரு பாசிகள் விளைகின்றன. ஒன்று கஞ்சிப்பாசி, மற்றது மரிக்கொழுந்துப் பாசி. ஆய்வுக்கூடத்துக்கு ஏற்ற உயர்தர அகார் பின்னதிலிருந்து கிடைக்கும். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறைகளிலிருந்து இவற்றைச் சேகரிப்போர் பெரும்பாலும் மீனவப் பெண்களே.

பாசியை அடியோடு பிடுங்கினால் அந்தப் பாறையில் மீண்டும் துளிர்ப்பது அரிது. அடிப்பகுதியை விட்டுவிட்டு எடுத்தால் திரும்ப வளரும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின் அங்கே சேகரிக்கத் தடை உண்டு. கடலையும் காக்க வேண்டும், அந்தப் பெண்களின் பிழைப்பும் கெடக்கூடாது. பாசியைக் கடலிலேயே பயிரிடும் ஆராய்ச்சி இதனால்தான் அவசியமாகிறது.

இந்தியாவும் இத்துறையில் பின்தங்கவில்லை. 1997இல் ஐதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் ஈஸ்ட்டைக் கொண்டு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை வெளியிட்டது. ஈஸ்ட்டானாலும் பாக்டீரியாவானாலும், வேண்டிய ஒன்றைத் தேர்ந்தெடுக்க அகார் தட்டு கைகொடுக்கிறது.

செய்து பாருங்கள்

200 மி.லி. தண்ணீரில் 3 கிராம் கடற்பாசியைப் பெரியவர் துணையோடு கொதிக்கவைத்துக் கரையுங்கள். ஆய்வுக்கூட வெப்பமானியை வைத்து, எந்த வெப்பநிலையில் உறைகிறது என்று குறியுங்கள். (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது.) உறைந்த துண்டை 60 டிகிரி வெந்நீரில் போடுங்கள். உருகுகிறதா? பனிக்கட்டி உருகுவதும் நீர் உறைவதும் ஒரே வெப்பநிலையில். அகார் ஏன் அப்படி இல்லை? ஆறும்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் கயிறுபோல் முறுக்கி, கற்றைகளாக இறுகிவிடுகின்றன. அக்கற்றைகளைப் பிரிக்கக் கூடுதல் வெப்பம் வேண்டும்.