கதிர்வீச்சுக்கு முன் ஏன் இந்தக் காத்திருப்பு?

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு என்று முடிவானதும் ஸ்கேன் எடுத்து, சில நாட்கள் காத்திருக்கச் சொல்கிறார்கள். வீணாக நாள் போகிறதே என்று நாம் பதறுகிறோம். அந்த நாட்களில் நடப்பதைத் தெரிந்துகொள்வோம்.

தொண்டைப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். கதிர்வீச்சை 'கிரே' என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். கட்டிக்குப் பெரும்பாலும் 70 கிரே தேவை. பக்கத்திலுள்ள தண்டுவடத்துக்கு வழக்கமாக 45 கிரேக்கு மேல் போகவிடுவதில்லை. உமிழ்நீர்ச் சுரப்பிக்கு அதிகம் போனால் வாய் வறண்டுவிடும். ஒன்றைக் காக்கப் போனால் இன்னொன்றுக்குக் கேடு.

இங்கேதான் கணிதம் உதவுகிறது. கட்டியையும் காக்க வேண்டிய உறுப்புகளையும் டாக்டர் ஸ்கேன் படத்தில் வரைந்து, வரம்புகளைச் சொல்கிறார். கதிர்களை நூற்றுக்கணக்கான சிறு கீற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பலத்தையும் கூட்டிக் குறைத்து, மிகப் பொருத்தமான திட்டத்தைக் கம்ப்யூட்டர் தேடுகிறது. டாக்டர் ஒப்புக்கொண்டு, இயற்பியல் வல்லுநர் சரிபார்த்த பிறகே சிகிச்சை.

இந்தக் கணக்கு அந்த ஒருவரின் உடலுக்கு மட்டுமே. அது தினம் 2 கிரே, வாரம் 5 நாள், மொத்தம் 35 முறை என்று வகுக்கப்பட்டது. ஆகவே நாமாக ஒரு நாளையும் விட வேண்டாம். உடல் மெலிந்து மாஸ்க் தளர்ந்தால் உடனே சொல்வோம்; திட்டத்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.